பால்கனியில் ஒரு நைட்டி

நன்றாகக் காய்ந்து, மடித்து உள்ளே வைக்க வேண்டிய நைட்டியை ஏகாந்தம் மறுபடியும் பக்கெட் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

பெரிய பெரிய மஞ்சள் பூப் போட்ட நைட்டி. அதை உடுத்த அந்த வீட்டில் ஆள் கிடையாது. அதில் அழுக்கும் கிடையாது. ஒரு வாரமாக வெயிலில் தொங்கித் தொங்கி அப்பளம் மாதிரி மொடமொடப்பாகியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரே துணி ஒரே இடத்தில் ஒரு வாரம் காய்ந்துகொண்டிருந்தால் எந்தத் திருடனுக்கும் சந்தேகம் வரும் என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள். அக்கா சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கும். இல்லாவிட்டாலும் அவளோடு வாதாடுவதைவிட நைட்டியை நனைப்பது சுலபம்.

ஏகாந்தம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, அலுவலகத்தில் வைத்தது. லிஃப்ட் கம்பெனி ஒன்றில் அவசரத் தொலைபேசியில் உட்கார்ந்திருப்பவர் அவர். லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்துவார்கள் அல்லவா, மறுமுனையில் பேசும் குரல் இவருடையதுதான். மெக்கானிக் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவர்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டும். "பயமா இருக்கு சார், தனியா மாட்டிக்கிட்டேன்" என்று யாராவது விசும்பினால், "தனியாத்தானே இருக்கீங்க, அப்புறம் என்ன பயம்? கூட ஆறு பேர் இருந்தாத்தான் பயப்படணும்" என்பார். இதைக் கேட்டு மனம் தேறியவர்களும் உண்டு, வெளியே வந்ததும் நேராகப் புகார் கொடுக்கப் போனவர்களும் உண்டு.

மதியச் சாப்பாட்டு வேளையில் அவர் தனிக்குடித்தனத்தின் மகிமை பற்றிப் பிரசங்கம் செய்யாத நாள் கிடையாது. டி.வி. ரிமோட் வைத்த இடத்தில் இருக்கும். குளியலறைக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். ஃபேனை எத்தனையில் வைப்பது என்று கருத்துக் கேட்க வேண்டியதில்லை. சண்டை போட ஆள் இல்லாததால் சமாதானம் பேசும் செலவும் மிச்சம். கல்யாணமானவர்கள் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். போகும்போது கொஞ்சம் பொறாமையோடுதான் போகிறார்கள் என்பது இவர் கணக்கு.

பிரசங்கத்தில் வராத சில சங்கதிகளும் இருந்தன. முதுகின் நடுவில் அரிப்பெடுத்தால் கதவு நிலையில் போய்த் தேய்த்துக்கொள்ள வேண்டும். இறுக மூடிய பாட்டில் மூடியோடு அரை மணி மல்லுக்கு நிற்க வேண்டும். ஒருநாள் சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை அலுவலகத்தில் உலா வந்தார். காலையிலேயே சொல்ல வீட்டில் யாரும் இல்லை, பார்த்தும் சொல்லாத நல்ல மனசு அலுவலகத்தில் எல்லோருக்கும் இருந்தது. இதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் வாய்ச்சவடால் விட்டவன் வீட்டில் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஆனாலும் அந்த மூன்றாம் மாடி வீடு அவருக்கு உயிர். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு பால்கனி. தரைத்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மீட்டர் ரீடர். தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை மூன்று வேளையும் ஏறிப் பார்க்கிறவர். "ஒரே ஆள்னா மட்டும்தான் தருவேன், நாளைக்கு இன்னொரு தலை தெரிஞ்சா அன்னிக்கே காலி" என்று சாவியைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார். ஏகாந்தத்துக்கு அந்த நிபந்தனை காதில் தேனாகப் பாய்ந்தது. தன்னை மாதிரியே சிந்திக்கிற ஒரு மனிதரை அவர் அன்றுதான் சந்தித்தார்.

அந்த ஒரே ஆள் ராஜ்ஜியத்துக்கு ஒரே ஓர் எதிரி அக்கா. அவள் வேறு ஊரில் கணவர், மாமியார், இரண்டு வாலிபப் பிள்ளைகள் என்று நிறைந்த வீட்டில் இருப்பவள். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். சாப்பிட்டாயா என்பதோடு விட மாட்டாள். என்ன சமைத்தாய், குழாயில் ஒழுகல் நின்றதா, வீட்டுக்காரர் இன்று யாரோடு சண்டை போட்டார், இரண்டாம் மாடி டீச்சர் படியில் பார்த்தபோது என்ன சொன்னாள் என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொள்வாள். இத்தனை பாசம் இவருக்கே சில நாள் தாங்காது. முன்பெல்லாம் அவள் குரலுக்குப் பின்னால் மாமியாரின் இருமலும், பிள்ளைகளின் அடிதடியும், துண்டு எங்கே என்று அத்தான் போடும் கூச்சலும் கேட்கும். சில மாதங்களாக அதெல்லாம் கேட்பதில்லை. பாவம், தம்பியோடு நிம்மதியாகப் பேச மொட்டைமாடிக்கு ஏறி வருகிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

அந்தப் பேச்சு எங்கே சுற்றினாலும் ஒரே இடத்தில்தான் வந்து முடியும்.

"ராத்திரி மயக்கம் போட்டு விழுந்தா யாருடா பார்ப்பா? பேசாம நான் வந்து உன்கூடவே இருந்துடறேன்."

"ஐயோ அக்கா, அத்தானை யார் பார்த்துக்கறது?"

"அதுவும் சரிதான்" என்று வைத்துவிடுவாள். இவருக்கு மூச்சு திரும்பி வரும். அக்கா என்றால் பாசம்தான். ஆனால் பாசம் பக்கத்து அறையில் படுத்து, நீ ஏன் இன்னும் தூங்கவில்லை என்று கேட்கக் கூடாது.

போதாக்குறைக்கு அத்தானும் இப்போதெல்லாம் இவரைப் போனில் கூப்பிட ஆரம்பித்திருந்தார். எடுக்கவே எடுக்காதே என்று அக்கா முன்கூட்டியே எச்சரித்துவிட்டாள். அவர் கையில் ஒரு வரன் இருக்கிறதாம், பெண்ணின் போட்டோவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறாராம். அன்றிலிருந்து அத்தானின் பெயர் திரையில் ஒளிர்ந்தால் ஏகாந்தம் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார்.

இந்த நிலையில்தான் எதிர்க் கட்டடத்தில் திருட்டு நடந்தது. பறிகொடுத்தவரும் இவரைப் போலத் தனிக்கட்டை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இதை அக்காவிடம் சொல்லித் தொலைத்தார்.

"இனிமே பேச்சே கிடையாது. நாளைக்கே கிளம்பி வர்றேன்."

அரை மணி நேரம் கெஞ்சினார். கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னாள். வீட்டில் பெண்பிள்ளை இருப்பது போல் தெரிந்தால் திருடன் நெருங்க மாட்டான், தன் பழைய துணி கொஞ்சம் கூரியரில் அனுப்புகிறேன், பால்கனியில் தொங்கவிடு என்றாள். பார்சல் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. அக்கா ஊரிலிருந்து எதுவும் வந்துசேர நான்கு நாளாவது ஆகும். கூரியர்காரர்கள் எப்படியோ திருந்திவிட்டார்கள் என்று ஏகாந்தம் ஆச்சரியப்பட்டார்.

உள்ளே ஒரு நைட்டி, ஒரு சிவப்புப் புடவை, ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பு, கொஞ்சம் ஹேர்பின். செருப்பை வாசலில் விடு, சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு வை, கண்ணாடி முன்னால் ஹேர்பின் கிடக்கட்டும், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன், ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அனுப்பு என்றாள். "நீ மட்டும் போட்டோல விழுந்துடாதே" என்றும் சொன்னாள். தன் முகலட்சணத்தைக் குத்திக்காட்டுகிறாள் என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் சொன்ன கோணத்திலேயே எடுத்து அனுப்பினார்.

ஒரு வாரம் எந்தத் திருடனும் வரவில்லை. பிறகுதான் துணியை நனைக்கும் உத்தரவு வந்தது. நைட்டியோடு சிவப்புப் புடவையையும் தன்னுடைய வெள்ளைச் சட்டைகளையும் ஒரே பக்கெட்டில் போட்டார். தனியாக வாழ்பவன் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில்தான் போடுவான், யார் கேட்பது? காலையில் எடுத்துப் பார்த்தபோது ஐந்து சட்டையும் ரோஜா நிறத்தில் இருந்தன.

வேறு சட்டை இல்லை. ரோஜாவோடு அலுவலகம் போனார். மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சட்டை எடுப்பாக இருக்கிறதே, யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டார். மறுநாளும் ரோஜாவில் வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. மதியம் அவர் பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமியதும் மேஜையைச் சுற்றி ஒரு சிரிப்பு ஓடியது. அதோடு பிரசங்கம் நின்றது.

அன்று மாலை காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. ஏகாந்தம் வீடு திரும்பி உட்கார்ந்த சமயம் கதவு தட்டப்பட்டது. இரண்டாம் மாடி டீச்சர். கையில் மஞ்சள் பூ நைட்டி, பள்ளிக்கூடத்து நேர்த்தியோடு நாலாக மடிக்கப்பட்டிருந்தது.

"எங்க பால்கனில விழுந்திருந்தது சார். அவங்ககிட்ட குடுத்துடுங்க."

உலகத்தில் வேறு எந்த மனிதனும் அந்த இடத்தில், அவங்க என்று யாரும் இல்லை, இது திருடனுக்காக வைத்தது என்று சொல்லியிருப்பான். ஏகாந்தம் தன் முப்பது வயதுக்குப் பிறகு பெண்களோடு நேரில் பேசியது குறைவு. லிஃப்டுக்குள் மாட்டியிருக்கும் பெண்களோடுதான் அவருக்குச் சரளமாகப் பேச வரும்.

"சரிங்க, சொல்லிடறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தையில் அவர் வீட்டுக்குள் ஒரு பெண் குடிவந்துவிட்டாள்.

மறுநாள் படியில் பார்த்தபோது டீச்சர் நின்றாள். என்ன சார், அவர்கள் வெளியிலேயே வருவதில்லையே என்று விசாரித்தாள். யோசிக்க நேரமில்லாமல், அவர்களுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். சாயங்காலமே ஃபிளாஸ்க்கில் சூப் வந்தது. டீச்சர் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தாள். இரண்டு தட்டு, ஹேர்பின், வாசல் செருப்பு எல்லாம் அவள் கண்ணில் ஒவ்வொன்றாகப் பட்டன. அறைக் கதவு சாத்தியிருந்தது. "தூங்கறாங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். இவரும் குரலைத் தாழ்த்தி, ஆமாம் என்றார். சூப் நன்றாக இருந்தது. அதைக் குடிக்கும்போது, இத்தனை வருஷத்தில் ஒருவர் தன் வீட்டுக்குச் சூப் கொண்டுவந்ததே இல்லை, இல்லாத ஒருத்திக்குத்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டார். மனசு கொஞ்சம் வலித்தது.

சூப் மூன்று நாள் வந்தது. நாலாம் நாள் ஃபிளாஸ்க்கோடு சந்தேகமும் வந்தது. ஒரு இருமல் இல்லை, ஒரு பேச்சுச் சத்தம் இல்லை, மூன்று நாளாக ஒரு மனுஷி அறைக்குள்ளேயே கிடக்கிறாளா என்று டீச்சர் மாடிப்படியில் யாரிடமோ கேட்டது இவர் காதில் விழுந்தது. ஏதோ ஆளை அடைத்து வைத்திருப்பது போலல்லவா பேசுகிறார்கள் என்று ஏகாந்தத்துக்கு வியர்த்தது. சத்தம்தானே வேண்டும், கொடுத்துவிடலாம் என்று டி.வி.யை அறைக்குள் தூக்கி வைத்து, பெண்கள் அதிகம் பேசுகிற நிகழ்ச்சியாகப் பார்த்துச் சத்தமாக வைத்தார். அது ஒரு நெடுந்தொடர். அதன் கதாநாயகிக்கு மூன்று வருஷமாக அழுவதைத் தவிர வேறு வேலை கிடையாது என்பது டி.வி. பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஏகாந்தத்துக்குத் தெரியாது.

"என்னை விட்டுடுங்க. நான் எங்கயாவது போயிடறேன்" என்று அவள் கதறியது இரண்டாம் மாடி தாண்டித் தரைத்தளம்வரை தெளிவாகக் கேட்டது.

ஏகாந்தம் பதறிப்போய் ரிமோட்டைத் தேடினார். எப்போதும் வைத்த இடத்தில் இருக்கும் ரிமோட் அன்றைக்குப் பார்த்து வைத்த இடத்தில் இல்லை. டி.வி.யைத் தூக்கும்போது எங்கோ நழுவியிருந்தது. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தபடி, "வாயை மூடித் தொலையேன், மானம் போகுது" என்று அவர் கத்தியதும் நன்றாகவே கேட்டது.

அழைப்பு மணி அடித்தது. வீட்டுக்காரர் நின்றார். பின்னால் டீச்சர். இருவர் முகத்திலும் இரக்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

வீட்டுக்காரர் உள்ளே வரவில்லை. வாசலில் கிடந்த பெண்கள் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொட்டியில் தண்ணீர் ஏன் சீக்கிரம் இறங்குகிறது என்று இப்போது புரிகிறது என்றார். ஒரே ஆள் என்றுதானே சாவி வாங்கினீர்கள் என்றார். போலீசைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

இனி மறைத்துப் பயனில்லை என்று ஏகாந்தம் உண்மையைச் சொல்லத் தீர்மானித்தார். இருவரையும் உள்ளே அழைத்து, அறைக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே டி.வி.யில் கதாநாயகி இன்னும் அழுதுகொண்டிருந்தாள். திருட்டு, கூரியர், நைட்டி, பக்கெட் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் காதுக்கே அது நன்றாக இல்லை.

வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. நாற்பத்து மூணு வயசு ஆம்பளை. வீட்ல வேற யாரும் இல்ல. ஒரு நைட்டிய வரவழைச்சு, தினமும் நீங்களே துவைச்சு, நீங்களே காயப்போட்டு, ஹேர்பின்ன கண்ணாடி முன்னால வெச்சு, அதைப் போட்டோவும் எடுத்திருக்கீங்க."

"ஆமா சார். திருடனுக்காக."

"இதை நான் நம்பினா உங்களை இன்னிக்கே காலி பண்ணச் சொல்லணும். நம்பலைன்னா மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுக்கலாம். எது வசதி?"

டீச்சர் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள். கொடுத்த சூப்பையெல்லாம் இவரே குடித்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

ஏகாந்தம் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இந்தப் பால்கனி, இந்த ஃபேன், யாரும் தட்டாத அந்தக் குளியலறைக் கதவு எல்லாம் கையைவிட்டுப் போகப் போகிறது. காலி செய்தால் அடுத்த வீடு கிடைக்கும்வரை போக்கிடம் அக்கா வீடுதான். அத்தான், அவர் அம்மா, பிள்ளைகள், அந்த வரன், அதன் போட்டோ. உண்மை கைவிட்ட இடத்தில் வாய் தானாக ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டது.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். அது எங்க அக்கா."

"எது?"

"இங்க இருக்கறது. நான் தனியா இருக்கேன்னு துணைக்கு வந்திருக்காங்க. ஒரே ஆள்னு நீங்க சொல்லியிருந்ததால பயந்துபோய் மறைச்சுட்டேன். இப்ப கடைக்குப் போயிருக்காங்க."

ஆச்சரியம் என்னவென்றால், இரண்டு முகமும் அந்த நிமிஷமே இளகிவிட்டன. கூடப்பிறந்தவள் என்றால் அது வேறு விஷயம், முதலிலேயே சொல்வதற்கென்ன என்றார் வீட்டுக்காரர். தம்பிக்காகத் தன் குடும்பத்தை விட்டுவந்து இருக்கிற அக்காவைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோமே என்று டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா தாராளமாக இருக்கட்டும், தண்ணீரை மட்டும் பார்த்துப் புழங்கச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரர் படியிறங்கினார். இரண்டு படி இறங்கியவர் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை காலைல வர்றோம். அக்காவை நேர்ல பார்த்து ஒரு வார்த்தை பேசிட்டா எனக்கும் திருப்தி. இல்லைன்னா அன்னிக்கே சாவியை வாங்கிக்கறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஏகாந்தம் அக்காவைத் தானாகப் போனில் கூப்பிட்டார். நடந்ததையெல்லாம் கொட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போ என்று கெஞ்சினார்.

மறுமுனையில் சத்தமே இல்லை. இருமல், கூச்சல் எதுவும் இல்லாத அந்த அமைதி அவர் வீட்டு அமைதியைவிடச் சுத்தமாக இருந்தது.

"நானா? நான் எப்படிடா வர முடியும்? அத்தானை யார் பார்த்துக்கறது?"

"தினம் தினம் வர்றேன் வர்றேன்னு மிரட்டினியே அக்கா."

"நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுதானே சொன்னேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, உடனே மாமியாருக்கு முட்டிவலி, பிள்ளைகளுக்குப் பரீட்சை, வீட்டை விட்டு ஒரு நிமிஷம் நகர முடியவில்லை, உனக்கென்னப்பா நீ தனிக்கட்டை என்று மூச்சுவிடாமல் அடுக்கினாள். கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது சமாளித்துவிடு, என்ன ஆனாலும் அத்தான் காதுக்கு மட்டும் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வைத்துவிட்டாள்.

ஏகாந்தத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேண்டாம் என்றபோது உயிரை எடுத்தவள், வா என்றபோது கைகழுவிவிட்டாள். மறுநாள் வேலையில் ஒரு ஆள் லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டு கூப்பிட்டபோது, "தனியா இருக்கறவனுக்கு யாரும் வர மாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் உள்ளேயே ஓவென்று அழுதுவிட்டான். மேனேஜர் வந்து ஹெட்போனைக் கழற்றி வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் லீவில் போங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோஜாச் சட்டையோடு அவர் தயாராக இருந்தார். தயார் என்றால், துணிமணிகளைப் பாதி மூட்டை கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார் என்று அர்த்தம். வீட்டுக்காரரும் டீச்சரும் வந்தார்கள். டீச்சர் கையில் ஃபிளாஸ்க். அக்கா கடைக்குப் போயிருக்கிறாள் என்றார் ஏகாந்தம்.

"பரவாயில்ல, வரட்டும்" என்று வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

டீச்சரும் உட்கார்ந்தாள். ஏகாந்தம் நின்றார். ஃபேன் சுற்றியது. வீட்டுக்காரர் எழுந்து சமையலறைக் குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். டீச்சர், எந்தக் கடை, இவ்வளவு நேரமா என்று கேட்டாள். இவர் ஒரு கடையின் பெயரைச் சொன்னார். அது ஞாயிற்றுக்கிழமை திறக்காதே என்றாள். வீட்டுக்காரர் பாதி கட்டிய மூட்டையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டினார்.

"சாவிய குடுங்க சார்."

ஏகாந்தம் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். யாருமில்லாத வீடு என்று எத்தனை பெருமை பேசியிருப்பார்! இப்போது யாராவது ஒருவர், கொஞ்சம் முகஜாடை உள்ள ஒரு பெண்பிள்ளை, கூடையோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் அவள் காலில் விழுந்திருப்பார்.

அப்போது மணி அடித்தது.

மூவரும் திரும்பினார்கள். ஏகாந்தம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வாசலில் அத்தான் நின்றார். இரண்டு கையிலும் இரண்டு பெரிய பெட்டி, கக்கத்தில் ஒரு தலையணை.

"எத்தனை தடவை போன் பண்றது மாப்ளே, எடுக்கவே மாட்டேங்கறே" என்று சொல்லிக்கொண்டே அத்தான் உள்ளே வந்தார். பெட்டிகளைக் கீழே வைத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அம்மாவோடும் பிள்ளைகளோடும் ஊர் வீட்டில் இனி மனுஷன் இருக்க முடியாது என்று பொதுவாக எல்லோருக்குமாகச் சொன்னார்.

"யாரு சார் இவர்?" என்றார் வீட்டுக்காரர்.

"அத்தான். அக்கா புருஷன்."

வீட்டுக்காரரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏகாந்தம் இருவருக்கும் நடுவில் போய் நின்றார். அத்தானைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் மனிதருக்குப் பொய் சொல்ல வராது. சைகை காட்டினால், என்ன கண்ணில் தூசியா என்று உரக்கக் கேட்கிறவர். அக்காவா, அவள் ஊரில் என் அம்மாவுக்குக் கால் அமுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று இதோ சொல்லப் போகிறார். எல்லாம் முடிந்தது.

"உங்களைத்தான் கேக்கணும்" என்றார் வீட்டுக்காரர், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி. "உங்க சம்சாரம் இப்ப எங்க இருக்காங்க?"

ஏகாந்தம் கண்ணை மூடிக்கொண்டு சாவியை நீட்டினார்.

அத்தான் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த இரண்டு தட்டுகளைப் பார்த்தார், பால்கனியில் ஆடிக்கொண்டிருந்த மஞ்சள் பூ நைட்டியைப் பார்த்துப் பழகிய முகத்தைக் கண்டவர் போலச் சிரித்தார்.

"இது என்ன சார் கேள்வி, தம்பி தனியா கஷ்டப்படறான், துணைக்கு இருக்கேன்னு கிளம்பி வந்தவ எட்டு மாசமா இங்கதானே இருக்கா, தினம் போன்ல இந்த வீட்டுக் கதையைத்தானே சொல்றா, போட்டோகூட அனுப்பினாளே, கூப்பிடு மாப்ளே அவளை, இனிமே நானும் உங்ககூட இங்கதான்னு சொல்லணும்."